சிதைந்த சுவரைப் படமாக்குதல்: கறுப்பு வெள்ளையில் அருவ ஒளிப்படம்

நகரத்துச் சுவர்கள், கடைகளின் இரும்பு ஷட்டர்கள், தகர வேலிகள், பூட்டியே கிடக்கும் கதவுகள் ஆகியவற்றின் மேற்பரப்பில் வெயிலும் மழையும் மனிதக் கைகளும் ஆண்டுக்கணக்கில் ஏற்படுத்திய சிதைவை, இது இன்ன பொருள் என்று அடையாளம் காட்டும் நோக்கமின்றி, கோடும் வடிவமும் கருமையும் வெண்மையும் மட்டுமே பேசுமாறு எடுக்கும் படம் அருவ ஒளிப்படம் எனப்படுகிறது. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றுவதால், காரை பெயர்ந்த ஒரு சுவரைப் படம்பிடித்து, நிறத்தை நீக்கி, கருமையைக் கூட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் இத்துறையில் நுழைவோரிடம் பரவலாக இருக்கிறது. அவ்வாறு உருவாகும் படம் பெரும்பாலும் சிதைந்த சுவரைப் பற்றிய தகவலாகவே நின்றுவிடுகிறது. அது தன் காலில் நிற்கும் படமாக மாறுவது, சட்டகத்தின் நான்கு விளிம்புகளும் சுவரை எங்கே வெட்ட வேண்டும் என்று எடுப்பவர் செய்யும் முடிவினால்தான். ஒளி, லென்ஸ், எக்ஸ்போஷர், அச்சு என்று இந்த அத்தியாயத்தில் விளக்கப்படும் அனைத்தும் அந்த முடிவுக்குத் துணைசெய்பவையே.

இத்துறைக்கு இலக்கணம் வகுத்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அமெரிக்கரான ஆரன் சிஸ்கின்டையே (1903–1991) சுட்ட வேண்டும். நியூயார்க்கில் பிறந்து, அந்நகரப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1930களில் ஃபோட்டோ லீக் என்ற அமைப்பில் இயங்கி, ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்த ஆவண ஒளிப்படக்காரராகவே முதலில் அறியப்பட்டார். 1944ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறைமுகமான குளோஸ்டரில் தங்கியிருந்தபோது, கழற்றி எறியப்பட்ட கையுறை, கயிற்றுத் துண்டு, பழம்பலகை போன்றவற்றை நேரெதிரே நின்று எடுக்கத் தொடங்கினார். படத்தில் இருக்கும் பொருள் எது என்பது தமக்கு முதன்மையாக இல்லாமற்போனது அப்போதுதான் என்பதை 1945இல் வெளியான கட்டுரையொன்றில் அவரே விளக்கினார். தொலைவும் ஆழமும் உள்ள வெளியைக் கைவிட்டு, அனைத்தையும் ஒரே தட்டையான பரப்பின்மேல் நிறுத்தியதே அவர் செய்த பெரிய மாற்றமாகும். நியூயார்க், சிகாகோ நகரச் சுவர்களிலும், செம்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்து தேய்ந்துகொண்டிருந்த அரிசோனா மாநிலத்து ஜெரோம் என்ற ஊரிலும் 1940களின் பிற்பகுதியில் அவர் எடுத்த உரிந்த பெயிண்டின் படங்கள், இன்றும் கற்போர் முதலில் பார்க்க வேண்டியவை.

ஓவியர்களான ஃபிரான்ஸ் கிளைன், வில்லெம் டி கூனிங் ஆகியோரோடு அவருக்கு நட்பு இருந்ததாலும், நியூயார்க்கின் சார்ல்ஸ் ஈகன் கூடத்தில் அவர்களைப்போலவே அவரும் காட்சி வைத்ததாலும், அவர் ஓவியத்தைக் கேமராவால் நகலெடுத்தார் என்று கருதுவோர் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. கிளைனின் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளை ஓவியங்கள் ஈகன் கூடத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது 1950இல். சிஸ்கின்ட் அதற்கு ஆறாண்டுகள் முன்பே தட்டையான பரப்புக்கு வந்து சேர்ந்துவிட்டார். 1962இல் கிளைன் மறைந்த பின், 1970களில் லிமா, ரோம் முதலிய நகரங்களின் சுவர்களில் யாரோ இழுத்துவிட்டிருந்த கரிய பெயிண்ட் பட்டைகளைக் கொண்டு நண்பருக்கு அஞ்சலியாக ஒரு வரிசையையே அவர் படைத்தார். தூரிகையைத் தொடாமல், கண்டெடுத்த தடங்களை எல்லை வகுத்து வெட்டியதன் மூலமே அது நிகழ்ந்தது என்பதைக் கற்போர் கவனிக்க வேண்டும்.

பாரிஸில் வாழ்ந்த ஒளிப்படக்காரரான பிராசாய் (1899–1984) இதே சுவரை வேறு கண்ணோடு அணுகினார். 1930களின் தொடக்கத்திலிருந்து அந்நகரச் சுவர்களில் கீறப்பட்டிருந்த முகங்கள், இதயங்கள், மண்டையோடுகள் ஆகியவற்றைத் தேடித்தேடி எடுத்த அவர், கண்ட இடத்தின் முகவரியையும் உருவின் கோட்டுப்படத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, காலப்போக்கில் அந்த உருவங்கள் மாறுவதையும் திரும்பச் சென்று பதிவுசெய்தார். அப்படங்கள் 1956இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக்காட்சியாக வைக்கப்பட்டன. பிராசாய்க்குச் சுவர் மனிதர் எழுதிய ஏடு. சிஸ்கின்டுக்கு அது கருமையும் வெண்மையும் மோதும் களம். தொடக்கநிலையில் இருப்போர் இவ்விரண்டையும் கலந்து, சுவரில் மனித முகமோ யானையோ தெரியும் இடங்களைத் தேடுவது வழக்கம். உருவ ஒப்புமையால் மட்டும் நிற்கும் படம், பார்ப்பவர் அந்த உருவத்தைக் கண்டுபிடித்துப் பெயர் சொன்னவுடன் தீர்ந்துபோகிறது. ஆதலால் அத்தகைய இடங்களைத் தவிர்ப்பதே பயிற்சிக்கு நல்லது.

சுவரைப் படித்தல்

சிதைவு எப்படி நேர்ந்தது என்பதை அறிந்தவருக்கு, எங்கே எதைத் தேட வேண்டும் என்பதும் எப்போது திரும்பி வர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குளிர்நாடுகளில் விரிசலுக்குள் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் செங்கல்லும் காரையும் உள்ளிருந்து பிளக்கின்றன. சிகாகோ, நியூயார்க் சுவர்களின் கூர்மையான உடைவுகளில் உறைபனிக்குப் பெரும்பங்கு உண்டு. தமிழகக் கடற்கரை நகரங்களில் உறைபனி கிடையாது. அங்கே அந்த வேலையை உப்பு செய்கிறது. சுவர் உறிஞ்சிய ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, நீர் ஆவியாகும்போது மேற்பரப்பிலோ பூச்சுக்குச் சற்று உள்ளேயோ படிகமாகி, உப்புப் பூத்தல் எனப்படும் வெண்படலத்தையும் காரைப் பொரிவையும் உண்டாக்குகிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தன்மேல் உள்ள பூச்சை வெடிக்கச்செய்து வெளிவருகிறது. மழைக்காலத்தில் பரவும் பாசியும் நுண்ணுயிர்களும் காய்ந்தபின் கரிய வழிசல்களாகச் சுவரில் தங்கிவிடுகின்றன. அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட சுவரொட்டிகள், பசையின் பிடி எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொண்டும் மற்ற இடங்களில் கிழிந்தும் போவதால், எவரும் திட்டமிட்டு வரைய முடியாத விளிம்புகளைத் தருகின்றன.

இவற்றுள் ஈரம் மிகவும் பயனுள்ளது. அது தங்கும் நேரமும் மிகக் குறைவு. சுண்ணாம்போ சிமெண்டோ நனைந்தால், அதன் நுண்துளைகளில் நீர் நிறைந்து ஒளிச்சிதறல் குறைவதால் பரப்பு கறுத்துத் தெரிகிறது. மழை ஓய்ந்து சுவர் திட்டுத்திட்டாகக் காயும் சில மணி நேரத்தில் மட்டும், மற்ற நாட்களில் ஒரே சாம்பலாக இருக்கும் பரப்பில் கரிய வடிவங்கள் எழுந்து மறைகின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், மழை விட்ட முற்பகல்களை இதற்கென ஒதுக்குவது தகும்.

சுவரை மேம்படுத்தும் ஆசை எழுவது இயல்பு. தொங்கும் பெயிண்டை உரிப்பது, சுவரொட்டியை இன்னும் சிறிது கிழிப்பது, தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றை இந்நூல் ஏற்பதில்லை. கண்டெடுத்த தடம் என்பதிலிருந்தே இப்படங்களின் வலிமை பிறக்கிறது. கைவைத்த சுவரில் அந்த வலிமை இல்லை. உடல்நலம் சார்ந்த காரணமும் உண்டு: இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய பெயிண்டின் தூளைக் கையாள்வது தீங்கானது. இதுபோலவே, பிறர் திட்டமிட்டு வரைந்த சுவரோவியத்தை அப்படியே எடுத்துத் தம் படமாக முன்வைப்பதும் முறையன்று. அந்த வடிவம் ஏற்கனவே ஒருவருடைய ஆக்கம். குடியிருக்கும் வீட்டின் சுவராயின் வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுப்பதே மரியாதை.

ஒளியின் கோணம்

மேற்பரப்பின் மேடுபள்ளம் வேண்டுமா, கறைகளின் வடிவம் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒளி உதவாது. பொரிந்த பெயிண்டின் சுருளும் காரையின் குழியும் தெரிய வேண்டுமானால், சுவருக்கு ஏறக்குறைய இணையாக வந்து அதைத் தடவிச் செல்லும் வெயில் தேவை, ஏனெனில் அந்தக் கோணத்தில் மணல் பருமனுள்ள மேடும் தன்னைவிட நீண்ட நிழலை வீழ்த்தும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில், கிழக்குப் பார்த்த சுவருக்கு உச்சிவேளைக்குச் சற்று முன்பும், மேற்குப் பார்த்த சுவருக்கு உச்சிவேளைக்குச் சற்றுப் பின்பும் இவ்வொளி மேலிருந்து உரசி இறங்குகிறது. வடக்குப் பார்த்த சுவருக்கு நியூயார்க் போன்ற நகரங்களில் நண்பகல் வெயில் எந்நாளும் கிடைப்பதில்லை. சென்னையின் அட்சரேகையிலோ ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நண்பகல் சூரியன் வடபுறமாகச் சாய்ந்திருப்பதால், ஆண்டின் மற்ற மாதங்களில் நிழலில் கிடக்கும் அச்சுவர்களிலும் நண்பகலில் உரசு வெயில் படுகிறது. சூரியன் தலைக்குமேல் நிற்கும் வேளை படமெடுக்க ஆகாது என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இத்துறைக்குப் பொருந்தாது.

கறை, வழிசல், கிழிசல் ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் மட்டும் வேண்டுமானால், மேகமூட்டமோ எதிர்ச்சுவர் தரும் திறந்த நிழலோ சிறந்தது. அங்கே மேடுகளின் நிழல் கறைகளின் வடிவத்தோடு போட்டியிடுவதில்லை.

உரசு வெயிலில் எடுத்த படத்துக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. ஒளி மேலிருந்து வருகிறது என்று கொண்டே மனிதக் கண் மேடுபள்ளத்தைக் கணிக்கிறது. ஆகவே படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழிகள் மேடுகளாகவும் மேடுகள் குழிகளாகவும் மாறித் தோன்றுகின்றன. சுவரின் மெய்யான அமைப்பைக் காட்டும் கடமை அருவப் படத்துக்கு இல்லாததால், எந்த நிலையில் படம் வலுவாக நிற்கிறதோ அந்த நிலையிலேயே அதை அச்சிடலாம்.

சட்டகம்

கேமராவின் பின்புறத் தளம் சுவருக்கு முற்றிலும் இணையாக இருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் தோன்றி, சிஸ்கின்ட் அரும்பாடுபட்டு நீக்கிய ஆழம் படத்துக்குள் திரும்பிவிடுகிறது. அத்துடன் ஒரு மூலை ஃபோகஸை இழந்து மங்குகிறது. ஓவியங்களை நகலெடுப்போர் கையாளும் எளிய உத்தி இங்கும் உதவும்: சட்டகத்தின் நடுவில் வரும் சுவர்ப்பகுதியில் சிறு கண்ணாடியொன்றைத் தட்டையாக வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நடுவே தெரியும்வரை கேமராவை நகர்த்தினால் இணைவு கிடைத்துவிடும். விளிம்புகளை வளைத்துக்காட்டும் அகலக்கோண லென்ஸைவிட, முழு அளவு சென்சாரில் 50 முதல் 100 மி.மீ. வரையிலான குவியத் தொலைவு ஏற்றது. லென்ஸின் துளையளவு, அதாவது அப்பெர்ச்சர், எஃப் 8 அளவில் இருந்தால் தட்டையான சுவர் முழுவதும் கூர்மையாக விழும். உரிந்து முன்னே நீளும் பெயிண்டுக்கு எஃப் 11 தேவைப்படலாம். எஃப் 16ஐத் தாண்டினால் சிறுதுளையின் ஓரத்தில் ஒளி வளைவதாலேயே கூர்மை குறைகிறது. டிரைபாடும் இரண்டு வினாடித் தாமதமும் இருந்தால் குறைந்த ஐ.எஸ்.ஓ.விலேயே வேலை முடியும்.

இவ்வளவும் ஆயத்தம். சட்டகம் அமைப்பதில் முதல் வேலை, அளவைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை விலக்குவது. சட்டகத்தின் ஓரத்தில் ஒரு செங்கல் வரிசையோ, ஆணித்தலையோ, மின்பெட்டியின் மூலையோ நுழைந்தால் இது எத்தனை அடிச் சுவர் என்பது உடனே புலப்பட்டு, பார்ப்பவர் வடிவத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்குகிறார். படிக்கக்கூடிய எழுத்தும் இவ்வாறே கண்ணைத் தன்பால் இழுக்கும். முழுச் சொல்லைத் தவிர்த்து, எழுத்தின் வளைவோ கொம்போ மட்டும் எஞ்சுமாறு வெட்டினால் அது மீண்டும் வடிவமாகிவிடும்.

இரண்டாவது வேலை கடினமானது. சுவரில் கவர்ந்த தடத்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் வெறுமை விடுவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் அமைப்பு. அப்படி எடுக்கும்போது தடம் பொருளாகவும் மீதிச்சுவர் பின்னணியாகவும் பிரிந்து, படம் மாதிரிப் பொருளின் பதிவைப்போல் ஆகிவிடுகிறது. கரிய வடிவம் ஒரு விளிம்பையேனும் தொட்டு வெட்டுப்பட்டால், அது சட்டகத்துக்கு வெளியிலும் தொடர்வதாகத் தோன்றுவதோடு, அதற்கும் விளிம்புக்கும் இடையே சிக்கிய வெண்பகுதியும் தனி வடிவம் பெறுகிறது. இவ்வாறு கருமைக்கு இணையாக வெண்மையும் வடிவமாகி நிற்கிறதா என்பதே சட்டகத்தின் உரைகல். நான்கு மூலைகளையும் தனித்தனியே பார்த்து, அங்கே உள்ள சாம்பல் எதற்காக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை இல்லாத மூலை இருக்குமானால் கேமராவை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். கறுப்பு அட்டையில் தம் கேமராவின் சட்டக விகிதத்தில் சிறு சாளரம் வெட்டி, ஒரு கண்ணை மூடி அதன்வழியே சுவரைப் பார்த்துப் பழகுவது, கேமராவை எடுக்குமுன் செய்யத்தக்க சிறந்த பயிற்சி. ஒரு கண்ணை மூடுவதால் ஆழவுணர்வு குறைந்து, கேமரா காணும் தட்டையான பரப்பையே கண்ணும் காணத் தொடங்குகிறது. பத்துச் சுவர்களை ஒவ்வொரு முறை எடுப்பதைவிட ஒரே சுவரைப் பத்துவிதமாக வெட்டிப் பார்ப்பது வேகமாகக் கற்றுத்தரும்.

சாம்பலின் படிகள்

கேமராவின் ஒளிமானி எதை அளந்தாலும் அதை நடுச்சாம்பலாக்கவே முயலும். வெள்ளையடித்த சுவரை அதன் போக்கில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாகவும், புகைபடிந்த சுவரை எடுத்தால் வெளிறிய சாம்பலாகவும் வருவது இதனால்தான். ஒளியளவை இரட்டிப்பாக்குவதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டாப் எனப்படும். வெண்சுவருக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டவும், கரிய சுவருக்கு அதே அளவு குறைக்கவும் வேண்டும். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை, முழுக்கருமை 0 தொடங்கி முழுவெண்மை 10 வரை சாம்பலைப் படிகளாக்கி, நடுச்சாம்பலை 5ஆம் மண்டலத்தில் வைக்கிறது. சுவர்ப்படத்துக்கு இம்முறை மிகவும் ஏற்றது: விவரம் தெரிய வேண்டிய கருமையை 3இலும், பூச்சின் மணல்மணி தெரிய வேண்டிய வெண்மையை 7இலும் இருத்துவது என்று முடிவுசெய்துவிட்டால், எக்ஸ்போஷர் ஊகமாக இருப்பதில்லை. ஃபிலிமில் எடுப்போர் கருமைக்கு அளந்து எக்ஸ்போஸ் செய்ய வேண்டும். டிஜிட்டலில் வெண்மை எரிந்துபோகாதவாறு காப்பதும், ரா கோப்பாகவே எடுப்பதும் முக்கியம்.

நிறங்கள் சாம்பலாக மாறும் இடத்தில் பெரும் இழப்பும் பெரும் வாய்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. நீலப் பெயிண்ட் உரிந்த ஷட்டரில் செந்துரு படர்ந்திருந்தால் கண்ணுக்கு இரண்டும் நன்கு வேறுபடும். அவற்றின் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் நிறம் நீங்கியவுடன் இரண்டும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். சிவப்பு ஃபில்டர் துருவை வெளிறச் செய்து நீலத்தைக் கறுக்கச் செய்கிறது; நீல ஃபில்டர் இதற்கு நேர்மாறானது. அடர்சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ மூன்று ஸ்டாப் ஒளியை விழுங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிஜிட்டலில் இதே வேலையை மென்பொருளில் உள்ள நிறவாரியான நழுவிகள் (ஸ்லைடர்கள்) செய்கின்றன. ஆனால் நீலத்தை அளவு மீறிக் கறுப்பாக்கினால் புள்ளிச்சிதறலும், நிறங்கள் சந்திக்கும் எல்லையில் வெண்கீற்றும் தோன்றும்.

கான்ட்ராஸ்ட் எனப்படும் கருமை வெண்மை வேறுபாட்டை மட்டுமீறிக் கூட்டுவது இன்று இவ்வகைப் படங்களை மிகுதியாகக் கெடுக்கும் பழக்கம். சிஸ்கின்டின் அச்சுகள் ஆழ்ந்த கருமைக்குப் பேர்பெற்றவை. அக்கருமை கனக்கக் காரணம், அதன் அருகில் மெல்லிய சாம்பல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்பதுதான். சாம்பல்களை அழித்துவிட்டுக் கருமையை மட்டும் வைத்தால் மை கொட்டிய தாளே எஞ்சும். ஆகவே முதலில் நடுச்சாம்பல்களைத் தேவையான அளவு பிரித்து, இறுதியில்தான் கருமையின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். பளபளப்புத் தாளும் பாரிட்டா பூசிய தாளும் மங்கல்தாளைவிட ஆழமான கருமையைத் தாங்கும். வெண்சுண்ணாம்பின் மென்மை முதன்மையாக உள்ள படத்துக்கு மங்கல்தாள் பொருத்தமானது. திரையில் நன்றாகத் தெரிந்த படத்தைத் தாளில் பார்க்காமல் முடிந்ததாகக் கொள்ளலாகாது.

சிஸ்கின்ட் தம் சுவர்ப்படங்கள் பலவற்றுக்கு ஊரின் பெயர், எண், ஆண்டு ஆகியவற்றையே தலைப்பாக இட்டார். ‘காலத்தின் கண்ணீர்’ போன்ற தலைப்பு பார்ப்பவருக்கு முன்கூட்டியே பொருள் சொல்லிவிடுவதால், கற்போரும் அவர் வழியைப் பின்பற்றுவது நல்லது. தலைப்பு சுருங்கினாலும் குறிப்பு சுருங்கக் கூடாது. தெருவின் பெயர், சுவர் பார்க்கும் திசை, எடுத்த நாள், நேரம் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதி, அச்சின் பின்புறத்திலும் பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். வெள்ளையடிப்பவரோ கட்டடம் இடிப்பவரோ முந்திக்கொள்ளாவிட்டால், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அக்குறிப்பைக் கொண்டு அதே சுவருக்கு மறுபடி ஒருமுறை செல்ல வேண்டும்.